விடிவெள்ளி என்று ஒருத்தி இல்லையாம்

அந்தக் கட்டுரையை அச்சுக் கோத்தவன் நான்தான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, என் விரலாலேயே அடுக்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

1936ஆம் வருஷம். ராயப்பேட்டையில் ஸ்ரீனிவாசராகவன் நடத்திய அச்சகத்தில் நான் கம்பாஸிட்டர். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு வக்கீல் பொன்னுரங்க முதலியாரின் மாதப் பத்திரிகை எங்களிடம்தான் அச்சாகும். வடமொழிப் பெயர்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற பத்திரிகை. தன் பெயரில் வடமொழியான பாதியை மட்டும் ஏனோ அவர் எறியவில்லை. அது அவர் பாடு.

சித்திரை இதழுக்கு அவர் அனுப்பிய கட்டுரைக்கு ‘ஓர் அரிய பெண்பெயரின் பொருளும் பிறப்பும்’ என்று தலைப்பு. ஒரு வயது நிறைந்த தன் பேத்திக்கு விடிவெள்ளி என்று பெயர் வைத்திருப்பதை முதல் வரியிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார். பழைய நாளில் கடற்கரையை ஆண்ட குறுநில மன்னன் ஒருவன் தன் மகளுக்கு இட்ட பெயராம் அது. முன்னே நின்று வழி காட்டுகிறவள் என்று பொருளாம். வழக்கொழிந்து கிடந்ததை இவர் ஏடு ஏடாகப் புரட்டி மீட்டெடுத்தாராம்.

ஏடாவது, புரட்டுவதாவது. என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார் மனுஷன்.

அது என் அண்ணன் மகளின் பெயர். அண்ணன் மிக்கேல் சாந்தோம் குப்பத்தில் கட்டுமரக்காரன். 1927 ஐப்பசியில் காற்று அவன் மரத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் வானமும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் விடியுமுன் மேகம் விலகி வெள்ளி தெரிந்தது. நம் கரையில் கடல் கிழக்கே, வீடு மேற்கே. வெள்ளியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு துடுப்பைப் போட்டால் வீடு வரும். அப்படித்தான் வந்து சேர்ந்தான். எட்டாம் நாள் பெண் பிறந்தாள்.

ஞானஸ்நானத்துக்குப் போனபோது, அந்தப் பெயரில் புனிதர்கள், அர்ச்சிஷ்டவர்கள் யாரும் இல்லை என்று சாமியார் மறுத்துவிட்டார். கோயில் புத்தகத்தில் பிலோமினாள் என்று எழுதினார். “பொஸ்தகத்துல இன்னா வேணும்னாலும் எழுதிக்கோங்க சாமி. நான் கூப்புட்றது வேற” என்று சொல்லிவிட்டு அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரை ஏறியதும் வலையைக்கூட இறக்காமல் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்துவான். அவள் மணலில் விழுந்தடித்து ஓடுவாள்.

1933இல் அவன் திரும்பவில்லை. மரமும் போயிற்று, வலையும் போயிற்று. உடம்பு ஒதுங்குமென்று அண்ணி லூர்துமேரி பதினோரு நாள் அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மிச்சம் வைத்துவிட்டுப் போனது அந்தப் பெயர் ஒன்றுதான்.

பிறகு அண்ணி மீன்கூடை தூக்கினாள். முதலியார் வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது, பார்த்துக்கொள்ள ஒரு சிறுபெண் வேண்டும் என்றதும், என் அண்ணன் மகள் இருக்கிறாள் என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான். ஏழு வயதுப் பெண்ணைக் கொண்டுபோய் விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். புரூப் பார்க்க வந்த முதலியார், “அதென்ன, அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர்?” என்று கேட்டார். பதினான்கு வருஷமாக அச்சகத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. காற்று, மேகம், வெள்ளி, சாமியார், பிலோமினாள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டினேன். அவர் புரூப் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் குப்பத்துக்கு ஓடி, “வக்கீலய்யா நம்ப பொண்ணு பேரை எழுதிக்கினாரு அண்ணி” என்றேன். அண்ணியும் சிரித்தாள். மடையன் நான்.

குழந்தை ஏங்கும் என்று அந்த ஒரு வருஷமும் அவர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அது சைவ வீடு. மீன் வாடை ஆகாது. கிறிஸ்துமஸ் அன்று அண்ணி வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. பெண் இளைத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

சித்திரைக் கட்டுரையைக் கோத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம். வைகாசி இதழுக்கு வாசகர் கடிதங்கள் வந்தன. பெயர் பிரமாதமாம். தியாகராய நகரில் இருவர், அடையாற்றில் ஒருவர் தங்கள் பெண்குழந்தைகளுக்கு அதையே வைத்துவிட்டார்களாம். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர், பொதுமக்களிடையே இப்பெயருடன் வாழ்பவர் யாரேனும் உண்டா என்று கேட்டிருந்தார். அதற்கு முதலியார் தன் கையால் பதில் எழுதியிருந்தார்: ‘எம் பெயர்த்திக்கு முன் இக்காலத்தே இப்பெயர் பூண்டவர் எவரும் இலர்.’

‘எவரும்’ வரை கோத்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவர் பேத்தியின் பீத்துணியைத் துவைத்துக்கொண்டு ஒருத்தி அவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் யார்? கோத்த வரிகளை அப்படியே தரையில் விட்டெறிந்தேன். எழுத்தெல்லாம் சிதறி ஓடியது. ஸ்ரீனிவாசராகவன் மேஜையிலிருந்து எழுந்து ஏதோ கேட்டார். நான் நிற்கவில்லை.

வழியில் கடைத்தெருவில் அண்ணி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவள் கூடையைப் பக்கத்திலிருந்தவளிடம் தள்ளிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் என்னோடு நடந்தாள்.

முதலியார் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். “என்ன வேதநாயகம், புரூப் கொண்டுவந்தாயா?”

“எங்க அண்ணன் பொண்ணைக் கூப்புடுங்கய்யா. பேர் சொல்லிக் கூப்புடுங்க.”

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை நாற்காலியோடு கவிழ்த்திருக்க வேண்டும். “அட, அதற்காகவா வந்தாய்? உங்கள் கோயில் புத்தகத்தில் அவள் பெயர் பிலோமினாள் என்று நீதானே சொன்னாய். எழுத்தில் இல்லாத ஒன்றை எப்படிச் சான்றாகக் கொள்வது?”

“அப்ப உங்க பொஸ்தகத்துல இருக்கிற ராஜா எந்த எழுத்துல இருக்காரு?”

உள்ளிருந்து அவர் மனைவி வந்தாள். சண்டைக்காரி அல்ல, நிதானமாகத்தான் பேசினாள். “பேத்தி பேரைச் சொல்லி வேலைக்காரியைத் திட்ட முடியுமாப்பா? அதனாலதான் இவளைக் குப்பின்னு கூப்பிடறோம். மொதல்ல கொஞ்ச நாள், குழந்தையைப் பேர் சொல்லிக் கொஞ்சினா இவ ஓடியாந்து எதிர்ல நிப்பா. நாலு தரம் வாயிலயே போட்டேன். இப்ப சரியாயிட்டா.”

வெளிக்கதவைத் தாண்டக் கூடாத அண்ணி தாண்டினாள்.

“வாயில போட்டியா? அவ பேருக்கு அவ வந்து நின்னதுக்கு வாயில போட்டியா? எம் புருசன் ஒடம்புகூட எனக்குக் கெடைக்கல. அவன் வச்ச பேரு ஒண்ணுதான் கீது. அத்தயும் தூக்கினு போயி உன் ஊட்டுத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கினு, எம் பொண்ணுக்குக் குப்பின்னா வச்ச?”

“பெயர் யார் வீட்டுச் சொத்து அம்மா?” என்றார் முதலியார். “தமிழ் எல்லோருக்கும் பொது.”

“பொதுன்னா அவளுக்கும் உண்டுதானே. அவளுக்கு மட்டும் ஏன் இல்லேன்னு எழுதனீங்க?” என்று நான் கத்தினேன். “பொருளும் தப்பு. வெள்ளியை முன்னால வச்சு மரம் வுட்டா ஊடு வராது, நடுக்கடல்தான் வரும். நான் சரியாத்தான் சொன்னேன். முதுகுக்குப் பின்னால நிக்கிறது உங்களுக்குக் கௌரவமா படல.”

“வாசலில் நின்று கூச்சல் போடாதே” என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவரிடமிருந்து கிடைத்தது.

சத்தம் கேட்டுப் பெண் கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். கை இரண்டும் ஈரம். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். தெரு முனை வரையில் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் எனக்கு வேலை போயிற்று. அந்த வரியை வேறொருவன் கோத்து முடித்தான். வைகாசி இதழ் ஒரு எழுத்து மாறாமல் வெளிவந்தது. இன்னும் எத்தனை வீட்டில் அந்தப் பெயரை வைத்தார்களோ, நான் எண்ணவில்லை. வைத்துக்கொள்ளட்டும். அந்தக் குழந்தைகள் மேல் எனக்கு என்ன கோபம்.

பெண் குப்பத்துக்கு வந்து நாலு நாள் ஆகியிருக்கும். அண்ணி அவளை அணைத்துக்கொண்டே திரிந்தாளே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தூரத்துக்கு விடவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பெண் தண்ணீரோரமாக எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சோறு ஆயிற்று. குடிசை வாசலில் நின்று அண்ணி குரல் கொடுத்தாள்.

“விடிவெள்ளி.”

அவள் அசையவில்லை. காற்று இங்கிருந்து அங்கேதான் அடித்தது. அண்ணி இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம், மரங்களை மேலே இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, அண்ணன் கத்துவானே, அந்தக் கத்தலாகவே கத்தினாள். பெண் மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

“கூப்புட்றாங்கல்ல, காதுல வுழல?”

“வுழுந்துச்சு சித்தப்பா. பாப்பாவைக் கூப்புட்றாங்க” என்றாள். “பாப்பா இங்க இல்லியே.”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.