புயலுக்கு முன் நான் ஏறிய கூரை

எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அது ஒழுகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நான்தான் சொல்ல வேண்டும். ஊரார் சொல்லக் கூடாது.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசி. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். என் மகள் பொன்னி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்ற நிலை. காலையிலேயே சம்பந்தி அர்ஜுனன் சைக்கிளில் வந்து இறங்கினார். செங்கம் ரோட்டில் அவர் புதிதாகத் தளம் போட்ட வீடு கட்டியிருந்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பெருமை பேசியதில்லை. அதுவே எனக்குப் பெரிய கர்வமாகப் பட்டது.

"புயல் அடங்கற வரைக்கும் பொன்னி எங்க வீட்ல இருக்கட்டுங்க. நீங்களும் வாங்க. தளம் போட்ட வீடு, பயமில்ல."

"தலைப்பிரசவம் பொறந்த வீட்லதாங்க. எங்க வம்சத்துல மாறினதில்ல. தவிர, மலை இருக்கறப்போ புயல் எப்படி ஊருக்குள்ள வரும்? மலையைச் சுத்திக்கிட்டுப் போயிடும்."

"புயல் இடப்பக்கமா சுத்துமாம் சம்பந்தி. பேப்பர்ல போட்டிருக்கான்."

"அப்பிரதட்சணமாவா?" என்றேன். "அப்போ சாமி கண்டிப்பா உள்ள விடமாட்டார்."

அர்ஜுனன் சிரிக்காமல் போனார். என் மனைவி சந்திரம்மாள்தான் சிரித்தாள்.

"அண்ணாமலையாருக்கு வேற வேலை இல்ல பாருங்க, நம்ம ஓட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கறதுக்கு. பொண்ணை அனுப்புங்க."

"அனுப்பினா, ராமதாஸ் வீட்டுக் கூரை ஒரு பிரசவத்துக்குக்கூட ஆகலைன்னு ஊர் பேசும்."

"கூரை தாங்குமா தாங்காதா? அதைச் சொல்லுங்க."

அதை மட்டும் சொல்லாமல் வேலையில் இறங்கினேன். வெள்ளம் வரும் என்று நெல் மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றினேன். கூரை ஒழுகினால் முதலில் நனைவது பரண்தான் என்று சந்திரம்மாள் சொன்னாள். இறக்கினேன். ஜன்னல்களுக்குக் கோணி அடித்தேன். வீடு இருண்டுபோனது, லாந்தரைத் தேடப் போய் மண்ணெண்ணெய் டின்னை உதைத்துக் கவிழ்த்தேன். ஓடு பறக்காமல் இருக்கக் கூரைக்குக் குறுக்கே கயிறு கட்டலாம் என்று தோன்றியது. வீட்டிலிருந்த ஒரே நீளக் கயிறு கிணற்றுக் கயிறு. அதை அவிழ்த்து எடுத்த பிறகுதான், தண்ணீர் இறைத்து நிரப்பி வைக்க வழியில்லை என்பது தெரிந்தது.

"அம்மா, அப்பா என்ன பண்றாரு?" என்று பொன்னி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"வீட்டைக் கட்டிப்போடறாருடி. ஓடிப்போயிடுமாம்."

கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம். ஆனால் வருகிறவன் மேலே ஏறிப் பார்த்தால் கூரையின் லட்சணம் தெருவுக்குத் தெரிந்துவிடும். அதனால் அறுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் காலடியில் ஓர் ஓடு படக்கென்றது. கயிறு நழுவாமல் இருக்கப் பாரம் வைக்கப்போன கருங்கல் கைநழுவி, ஓட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கீழே, பொன்னிக்கென்று மெழுகிக் கட்டில் போட்டு வைத்திருந்த அறை.

"கட்டில்ல யாரும் இல்ல!" என்று கத்தினாள் சந்திரம்மாள். "போதும், எறங்குங்க. மிச்சத்தைப் புயல் பாத்துக்கும்."

மத்தியானம் மழை பிடித்தது. பொத்தல் வழியாக நேராகக் கட்டில் மேல் கொட்டியது. கட்டிலை மூலைக்கு இழுத்தோம். அங்கே மேலே, நான் நடந்து பார்த்த ஓடுகள்; அங்கும் ஒழுகியது. அந்த நேரத்தில் பொன்னிக்கு வலி கண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஈரமில்லாத எடமா எங்கயாச்சும்..." என்றாள்.

அவள் எங்கள் கூரையை ஒருநாளும் குறை சொன்னவளில்லை. வண்டி பிடிக்க ஓடினேன்.

ஆனாலும் தலைப்பிரசவச் செலவு பெண்ணைப் பெற்றவனுடையது. சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் அவர்கள் விறகு ஒரு குச்சி எரியக் கூடாது என்று தீர்மானித்தேன். கூண்டு வண்டிக்குள் பொன்னி, சந்திரம்மாள், மருத்துவச்சி கன்னியம்மாள். கூண்டின் மேல் கட்டில். பின்னால் விறகுக்கட்டும் அரிசி மூட்டையும். ஊருக்குத் தெரியக் கூடாது என்று காலையெல்லாம் பாடுபட்ட நான், அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேரடித் தெரு வழியாக வண்டிக்குப் பின்னால் நடந்தேன். கடை ஓரங்களில் ஒதுங்கியிருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"என்ன பெரியவரே, வீடு மாத்தறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அண்டாவுக்குள் இருந்ததால் காதில் விழாததுபோல் இருக்க முடிந்தது.

அர்ஜுனன் வீட்டுத் தாழ்வாரத்தில் கல் கூட்டி, என் அண்டாவை ஏற்றி, வெந்நீர் போட உட்கார்ந்தேன். நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. ஊதினேன். அர்ஜுனன் மனைவி காசியம்மாள் தன் அடுப்பில் கொதித்த வெந்நீரை என்னைத் தாண்டித் தாண்டி உள்ளே கொண்டுபோனார். மரியாதைக்கு என் அண்டாவையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

வெளியே காற்று வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கியது. உள்ளே பொன்னி அலறினாள். நான் ஊதுவதை நிறுத்தினேன். விறகு யாருடையது, தளம் யாருடையது என்பதெல்லாம் மறந்துபோனது. அந்தத் தளம் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தால் தேவலை என்று மட்டும் பட்டது.

பிறகு குழந்தையின் அழுகை கேட்டது.

"பேத்தி பொறந்திருக்கா சம்பந்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றார் அர்ஜுனன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. புகையினாலா என்று நான் கேட்கவில்லை. "கொஞ்சம் அந்த அடுப்பை அணைச்சிடுங்க. கொழந்தை இருமப் போறா."

காசியம்மாள் காப்பி கொண்டுவந்தார். பெண் கொடுத்த வீட்டில் நான் அதுவரை கை நனைத்ததில்லை.

"வேணாங்க," என்றேன்.

உள்ளிருந்து சந்திரம்மாளின் குரல் வந்தது. "குடிங்க! இந்த மழையில யாரு வந்து பாக்கப் போறாங்க!"

குடித்தேன். சர்க்கரை கம்மி. வாயைத் திறக்கவில்லை.