ஒஸ்ரினுக்கு ரெண்டு காத்து

என் மனுசன் குருசுமுத்து கடலில் கெட்டிக்காரன். தரையில் ஏறினால் அந்தக் கெட்டித்தனத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார். எங்கள் தீவூர் அல்லைப்பிட்டி முழுக்க அறிந்த விசயம் இது. அப்படிப்பட்டவர், எங்கள் மகள் நிரோஜினியைக் கலியாணத்தன்று தன்னுடைய பழைய ஒஸ்ரின் காரில்தான் யாழ்ப்பாணத்துக் கோயிலடியில் இறக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மாப்பிள்ளை மிரோஜனின் தாய் மேரிஜோசப்பின் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டே, "உங்கட கார் பண்ணைப் பாலத்தில நிண்டுபோகும். நாங்கள் வான் அனுப்புறம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் உண்மையிலேயே நின்றுபோனால், அந்த மனுசி என் பிள்ளைக்குச் சாகும்வரை சொல்லிக்காட்டுவாளே!

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் எங்கள் கார் சண்டைக்காலப் பழக்கத்தை விடவில்லை. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடும். நான்கு ரயரும் அவருடைய தலையைப்போலவே வழுக்கையாகியிருந்தன. புது ரயர் போட வேண்டும். கடையில் வானுக்குப் போடுகிற கொழுத்த ரயர்களைக் கண்டு மயங்கிப்போய் வந்திருந்தார்.

அந்த நேரம்தான் கனடாவிலிருந்து என் தம்பி டெனிஸ்ரன், வேலணையில் நாங்கள் போய்க் காத்திருந்த, போன் கதைக்கிற கடைக்கு அழைப்பு எடுத்தான். தான் ஹைபிரிட் என்று ஒரு கார் வாங்கியிருப்பதாகவும், அது பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடுமென்றும் புழுகினான்.

"ரெண்டு சாமானில ஓடுறதெண்டா எங்கட ஒஸ்ரினும் உதுதானே" என்றார் என் மனுசன், றிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு.

நான் ரயர் விசயத்தைக் கேட்டேன்.

"அகல ரயர் வேண்டாம் அக்கா. நானும் வடிவுக்கு அதைப் போட்டு, கார் எண்ணெய் குடிச்சுத் தள்ளினது. ஒடுக்கமா, லேசா உருளுறதாப் பாத்துப் போடுங்கோ. அதைவிட முக்கியம் காத்து. காத்து நல்லா இருந்தா எண்ணெய் பாதிதான் பிடிக்கும். அத்தானிட்டச் சொல்லு, காத்தைப் பாத்துப்போட்டுத்தான் வெளிக்கிடோணும் எண்டு."

"கேட்டனான், கேட்டனான்" என்றார் இவர். ஒடுக்கமான ரயர்களே வாங்கி வந்து பூட்டினார். எனக்கே ஆச்சரியம். அன்று மனுசனைக் கொஞ்சம் மெச்சியும் விட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கலியாண நாள் காலை எல்லோரும் வெளிக்கிட்டு நிற்க, இவர் மட்டும் முற்றத்துக்கு வருவதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். மகளைப் பிரிகிற துக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன், நெஞ்சு உருகிவிட்டது. "பாயை டிக்கியில வைச்சிட்டன்" என்றார். விருந்தாளிகள் இருக்கத்தான் பாய் என்று நினைத்தேன். கார்க்கூரையில் ஒரு நீளக்கழி கட்டியிருந்தது. அது பந்தல்காரனுடையது என்று நினைத்தேன். பனையோலைகள் சலசலத்த பிறகுதான் காரை எடுத்தார்.

கடலுக்கு மேலால் யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தின் நடுவில் கார் இருமியது, துள்ளியது, நின்றது.

"எண்ணெய் முடிஞ்சுது" என்றார், ஒன்றும் நடக்காததுபோல.

"முழுக்க அடிக்கேல்லையோ?"

"பாதிதான் விட்டனான். உம்மட தம்பிதானே சொன்னவன், காத்து நல்லா இருந்தா பாதி காணுமெண்டு. அதுதான் சோளகக் காத்து எழும்பும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். "ஐயோ மனுசா! அவன் சொன்னது ரயருக்கு அடிக்கிற காத்து!"

ரயர்களைப் பார்த்தேன். பூட்டிய நாளிலிருந்து ஒருவரும் காற்று அடிக்கவில்லை. நான்கும் சப்பளிந்து கிடந்தன. உள்ள எண்ணெயையும் அவைதான் குடித்திருக்கின்றன.

"அம்மா, மாமியின்ர வான் வரப்போகுது" என்று நிரோஜினி அழத் தொடங்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், வழியில் வந்த ஒருவரின் சைக்கிள் பம்பை வாங்கிக்கொண்டு, பட்டுச் சேலையோடு தெருவில் நின்று நானே அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் தம்பிக்கு ஒரு திட்டு, மனுசனுக்கு இரண்டு.

நிமிர்ந்து பார்த்தால், கார்க்கூரையில் கழியை நட்டு, பழைய வள்ளத்துப் பாயை ஏற்றிவிட்டிருந்தார்!

"இப்ப ரெண்டு காத்தும் இருக்கு. வந்து காரில ஏறும்" என்றார்.

பின்னாலிருந்து சோளகம் அடித்தது. பாய் புடைத்தது. கார் அசைந்தது. சத்தியமாக அசைந்தது. இவர் ஸ்ரேறிங்கைப் பிடிக்க, மணப்பெண் யன்னலால் கையை விட்டுப் பாய்க்கயிற்றைப் பிடித்தாள். "கயித்தை இளக்கு பிள்ளை, இளக்கு!" என்று இவர் கத்த, அவள் கண்ணீரோடு சிரித்துக்கொண்டே இளக்கினாள். மீனவன் பெற்ற பிள்ளைதானே. பாலத்து முடிவில் சென்றியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் வாயைப் பிளந்தபடி தடையைத் தூக்கினான். சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை.

வீடுகள் தொடங்க, காற்று மறைந்து கார் நின்றது. எதிரே, நேரம் பிந்திவிட்டதென்று எங்களைத் தேடி வந்த மேரிஜோசப்பினின் வான். மிரோஜன் குதித்து இறங்கினான். பாயைப் பார்த்தான், கயிறும் கையுமாக இருந்த நிரோஜினியைப் பார்த்தான்.

"இறங்கி வானில ஏறும் பிள்ளை" என்றாள் மேரிஜோசப்பின்.

"மாட்டன். அப்பான்ர காரிலதான் வருவன்."

மிரோஜன் கோட்டைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்துவிட்டுக் காரைத் தள்ளத் தொடங்கினான். மாப்பிள்ளையே தள்ளும்போது மற்றவர்கள் சும்மா நிற்க ஏலுமோ? வானில் வந்த முழுப்பேரும் தள்ளினார்கள். புது ரயர் சும்மா சொல்லக்கூடாது, லேசாகத்தான் உருண்டது.

கோயில் வாசலில் இவர் கதவைத் திறந்து மகளை இறக்கினார். உள்ளே போய் இருந்த பிறகு பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?" என்றேன்.

"காத்தில கண்ணுக்க மண் விழுந்திட்டுது."

கோயிலுக்குள் மெழுகுதிரிச் சுடர்கூட அசையவில்லை. எந்தக் காற்று என்று நான் கேட்கவில்லை.