வெயிலை விலைக்கு வாங்கின வீடு

தங்கச்செல்வி அரிவாளை ஓங்கினாள். கீழே ஒப்பாரி பாதியில் நின்றது.

“ஏ புள்ள! என்ன காரியம் பண்ற? எறங்கு கீழ!”

அவள் இறங்கவில்லை. ஒரே வெட்டு. கயிறு அறுந்து, பந்தலின் பனையோலை சரசரவென்று சரிந்தது. அடியில் உட்கார்ந்து துட்டி வீட்டுக் காபியை ஊதிக்கொண்டிருந்த சீனிச்சாமியின் தலையில் விழுந்தது.

“அட கெரகமே! பொன்ராசு அண்ணாச்சிய அனுப்ப வந்த எடத்துல என்னையவும் சேத்து அனுப்பிருவா போலயே!”

சிரிக்கக் கூடாத இடத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தங்கச்செல்விக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மேலே பார்த்தாள். உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இத்தனை வெயிலையும் வீணாக்கிவிட்டார்களே பாவிகள்!

விடியற்காலையில் அப்பா பொன்ராஜ் போய்ச் சேர்ந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது விடிய விடிய விளக்கு எரிந்ததில் பேட்டரி காலி. பகல் முழுக்க வெயில் பட்டால்தான் சாயங்காலம் விளக்கு எரியும். அவள் பரளச்சிக்கு ஓடி, கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அண்ணன் ஹரிக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் பந்தல்காரர்கள் வேலையை முடித்திருந்தார்கள். கடைக் கூரையின் மேல் சூரியத் தகடு நிற்கிற இரும்புக் கால்கள் அவர்களுக்கு அருமையான தூணாகத் தெரிந்திருக்கின்றன. அதிலேயே கயிற்றைக் கட்டி, தகட்டின் மேலேயே ஓலையை விரித்துவிட்டார்கள்.

கடைசி ஓலையையும் இழுத்துத் தள்ளினாள். முந்தானையால் தகட்டைத் துடைத்தாள். பக்கத்தில் விறகைப் புகைத்துக் கரியாக்கும் கரிமூட்டத்துப் புகையும் செம்மண் புழுதியும் அப்பிக்கொண்டு வந்தன. இந்த ஊரில் தகட்டை நாலு நாள் துடைக்காமல் விட்டால் அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிடும்.

“என்னத்தா, தொடச்சாச்சா?”

வேப்பமரத்தடியிலிருந்து வந்த குரல் அது. தாய்மாமன் ஆண்டிச்சாமி. மல்லாங்கிணற்றில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிற பெரிய கை. ஆறு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர். தங்கை தாலியறுக்கிற அன்றைக்காவது வராமல் இருக்க முடியாதே என்று கோடிச்சேலையோடு வந்திருந்தார். வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. வேம்படியில் நாற்காலியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“தொடச்சிட்டேன் மாமா.”

“நல்லாத் தொட. நாளைக்குக் கழட்டும்போது பளபளன்னு இருந்தாத்தான் கேட்ட வெலை குடுப்பான்.”

ஏணியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

“யாரு மாமா?”

“செங்கச் சூளைக்காரரு ஒருத்தரு கேட்டாரு. பிளேட்டு, பேட்டரி, வெளக்கு எல்லாத்தையும் சேத்துப் பேசி முடிச்சிட்டேன். லாரி நாளைக்கு வரும். அந்தக் காசுல எந்தங்கச்சிக்கு ஒரு சங்கிலி எடுத்துப் போடணும். அப்புறம் ஆத்தாளும் மகளும் கெளம்புங்க. நம்ம வீட்டுல சோத்துக்கா பஞ்சம்?”

“அப்ப கடை?”

“எது, இந்தப் பொட்டிக்கடையா?” ஆண்டிச்சாமி நாலு பேரைத் திரும்பிப் பார்த்தார். “இந்தக் காட்டுக்குள்ள ஒரு பொம்பளப்புள்ள தனியா உக்காந்து பருப்பு நிறுத்துக்கிட்டிருந்தா ஊரு என்னையத்தான்த்தா காறித் துப்பும்.”

அதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது தங்கச்செல்விக்குத் தெரியும். அதுதான் சிக்கல். கெட்டவரென்றால் சண்டை போடலாம். தாய்மாமன் உரிமையோடு சொல்லும்போது ஊர் மொத்தமும் தலையை ஆட்டும். தகடு போனால் விளக்கு போகும். விளக்கு போனால் கடை போகும். கடை போனால், அவள் மல்லாங்கிணற்றில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் யாரோ ஒரு மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உள்ளே போனாள். அப்பா தலைமாட்டில் அம்மா கோகிலாம்பாள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு பொட்டு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை.

“எம்மா, மாமா சொல்றதக் கேட்டியா?”

கோகிலாம்பாள் புருஷனின் நெற்றியில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். அவ்வளவுதான்.

* * *

அந்தத் தகடு வந்து இறங்கிய நாளை ஊர் இன்னும் மறக்கவில்லை.

பரளச்சிக்குத் தெற்கே, முள் அடர்ந்த உடங்காட்டைத் தாண்டி, கரி லோடு ஏற்றும் லாரிகள் வந்து நிற்கிற முக்கில் தன்னந்தனியாக இருந்தது பொன்ராஜின் பலசரக்குக் கடை. பின்பக்கம் வீடு. கரண்டுக் கம்பம் நட்டவர்கள் கம்பி இழுக்க அப்புறம் வரவே இல்லை. அந்தக் கம்பத்தில் ஆடு கட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தொன்பதில் ஒரு நாள், வேனிலிருந்து நீலக் கண்ணாடிப் பலகை ஒன்றை இரண்டு பேர் இறக்கிக் கூரையில் ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் கடைக்கும் நடுவீட்டுக்கும் சேர்த்து வெள்ளைவெளேரென்று ஒரு டியூப் லைட் எரிந்தது.

ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது ஊர். அதற்கப்புறம் விலை தெரிந்துவிட்டது. கோகிலாம்பாள் கழுத்தில் கிடந்த, பிறந்த வீட்டுக்காரர்கள் போட்ட ரெட்டைவடச் சங்கிலியைக் காணோம்.

“நம்ம ஊருல சும்மா கெடக்குறது வெயிலு ஒண்ணுதான். அதையும் பொண்டாட்டி சங்கிலிய வித்து வாங்குன மனுசன் நம்ம அண்ணாச்சி ஒருத்தருதாம்ப்பா!”

பொன்ராஜ் பருப்பை நிறுத்தபடியே சிரிப்பார். “ஆமாய்யா, நாந்தான் வாங்குனேன். ஒனக்கு ரெண்டு கிலோ வேணுமா? பொட்டலம் போடவா?”

மழை தவறியதற்குக்கூட அந்தத் தகட்டைச் சாக்கு சொன்னவர்கள் உண்டு. முதல் ஆயுத பூஜைக்குப் பொன்ராஜ் பட்டை பட்டையாகத் திருநீறும், குழைத்த சந்தனமும், குங்குமமும் அதற்குச் சாத்தி, ரெண்டே நாளில் விளக்கு மங்கிப்போய், மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போன கதையைச் சொல்லி ஊர் ஒரு வருஷம் சிரித்தது.

ஆண்டிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் நின்று, “எந்தங்கச்சி கழுத்த மொட்டையாக்கிட்டியேய்யா, நீ வெளங்குவியா?” என்று கத்திவிட்டுப் போனவர்தான். அதன் பிறகு பொன்ராஜின் பெயரை அவர் சொன்னதில்லை. ‘அந்தாளு’ என்பார்.

ஆனால் கடை விளங்கத்தான் செய்தது. கரிமூட்டத்தில் வேலை முடிந்து கூலி வாங்கி வருவதற்குள் பொழுது அடைந்துவிடும். முன்பெல்லாம் அரைக்கிலோ அரிசிக்கு முள்ளுக்காட்டு வழியே பரளச்சிக்குப் போனவர்கள், இந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றார்கள். முக்கில் லாரி டிரைவர்கள் பீடி வாங்கினார்கள். பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. அந்த வியாபாரத்தில்தான் ஹரி ஐ.டி.ஐ. படித்தான். போன வருஷம் பொன்ராஜுக்கு நெஞ்சு முடியாமல் போனதிலிருந்து தராசு தங்கச்செல்வி கைக்கு வந்துவிட்டது.

* * *

பொழுது சாய்கிற நேரத்தில் ஹரி வந்து சேர்ந்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசுவதற்குள் பொழுது மசங்கிவிட்டது.

ஆண்டிச்சாமி ஏற்பாட்டில் பரளச்சியிலிருந்து பெட்ரோமாக்ஸ் வந்து இறங்கியது. அவரே பம்ப் அடித்துப் பற்றவைத்தார். உஸ்ஸென்ற இரைச்சலோடு வீட்டு வாசல் மஞ்சளாக ஆனது; முன்பக்கக் கடை இருட்டாகவே கிடந்தது.

“போதும்யா, வெளிச்சத்துக்கு வெளிச்சமாச்சு. ஆம்பளைக வேலையப் பாருங்க.”

தங்கச்செல்வி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாள். மத்தியானத்துக்கு மேல் பட்ட வெயில் எத்தனை பிடித்திருக்கும்? போட்டு எரியாமல் போனால்? ‘பாத்தியாத்தா, இதுக்குத்தான் சொன்னேன்’ என்று மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு லாரி வருவதை யாராலும் நிறுத்த முடியாது. இத்தனை வருஷமும் கேலிப்பேச்சு வாங்கின மனுசன், கடைசியில் அந்தக் கேலியோடேயே வாசலைத் தாண்டிப் போவார்.

ரோட்டில் ஆள் நடமாட்டம் கேட்டது. கரிமூட்டத்து ஆட்கள். எரிகிற மூட்டத்தை விட்டுவிட்டு வர முடியாது. எங்காவது மேல்பூச்சு மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல்தான். மாற்று ஆள் வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் அப்படியே ஓடி வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் சந்தனம்மாள்.

“என்னத்தா, கடை இருட்டாக் கெடக்கு?” என்றாள் அவள், நெஞ்சில் அடித்துக்கொண்டே. “இந்த வெளிச்சத்தக் குறி வச்சுத்தான தெனமும் வருவோம். இன்னைக்குத் தடம் தெரியலயே தாயி!”

தங்கச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை.

டியூப்பின் இரண்டு ஓரமும் சிவந்தன. ஒரு தரம் மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது. பிறகு, தயங்கித் தயங்கி, பிடித்துக்கொண்டது.

நடுவீடு வெள்ளையானது. பொன்ராஜின் முகத்தில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நெற்றி பளபளத்தது. சுற்றிலும் கரி படிந்த முகங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணீர் இறங்கின கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“கோடி போடணும்ப்பா, கூடப்பொறந்தவுகள வரச் சொல்லுங்க” என்றது ஒரு குரல். “அண்ணன் கையாலதான் போடணும்.”

வேறு வழியில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஆண்டிச்சாமி நிலைப்படியைத் தாண்டினார். கோடிச்சேலையை இரண்டு கையிலும் ஏந்தித் தங்கைக்கு முன்னால் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த வெளிச்சத்தில் கோகிலாம்பாளின் கழுத்து துல்லியமாகத் தெரிந்தது. சாயம் போன மஞ்சள் கயிறு. அதைத் தவிர ஒரு குண்டுமணி கிடையாது.

“பாருங்கய்யா!” ஆண்டிச்சாமி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “எல்லாரும் நல்லாப் பாருங்க! ராசாத்தி மாதிரி அனுப்பி வச்சேன். அந்தாளு இந்த லைட்டுக்காக எந்தங்கச்சி கழுத்துல கெடந்தத உருவி வித்துட்டு, இப்ப நிம்மதியாப் படுத்துக் கெடக்குறான். நாளைக்கு மொத வேலையா அதக் கழட்டி எறியலன்னா நான்…”

“அவுக விக்கலண்ணே.”

எல்லாத் தலையும் திரும்பியது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“என்னத்தா சொல்ற?”

“சங்கிலிய நாந்தான் வித்தேன்.” கோகிலாம்பாள் குரல் உயரவில்லை. “பாளையம்பட்டியில ஒரு சடங்கு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, டவுனுக்குப் போனேன். கடைத்தெருவுல வித்தேன். அங்கனயே மதுரைக்காரங்க இந்தப் பிளேட்டக் கடை பரப்பி வச்சிருந்தாங்க. பணத்தக் கட்டிட்டு வந்துட்டேன். வேன் வந்து எறங்குறவரைக்கும் அவுகளுக்கே தெரியாது.”

தங்கச்செல்வி அம்மாவையே பார்த்தாள். ஹரி அழுவதை நிறுத்தியிருந்தான்.

“நீயா?” ஆண்டிச்சாமி ஏந்தியிருந்த சேலையைக் கீழே இறக்கினார். “எதுக்குத்தா?”

“வீட்டுல கடைசியாச் சாப்பிடுறவ நான். எல்லாரும் படுத்தப்புறம் சிம்னி வெளக்கு அவிஞ்சிரும். கல்லு எது, பூச்சி எதுன்னு தெரியாமத் தின்னுக்கிட்டிருந்தேன். வட்டில்ல என்ன கெடக்குன்னு பாத்துத் திங்கணும்னு ஆசையா இருந்துச்சு.” கூரையை நிமிர்ந்து பார்த்தாள். “அது எஞ்சங்கிலிண்ணே. கழுத்துல கெடக்கல, கூரையில கெடக்கு. அது எங்கயும் போகாது. எம்மக கடையப் பாத்துக்குவா. நானும் இங்கனதான் இருப்பேன்.”

ஆண்டிச்சாமி மெல்லத் திரும்பி, படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப மாப்பிள்ள…” மறுபடி தங்கை பக்கம் திரும்பினார். “மாப்பிள்ள ஏன்த்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? வாசல்ல நின்னு அம்புட்டு ஏசுனேனே. வாயத் தொறக்காம நின்னாரே!”

கோகிலாம்பாள் புருஷனின் மேல்துண்டைச் சரிசெய்தாள்.

“நாஞ் சொல்லிப்புடுறேன்னுதான் சொன்னேன். அவுக விடல. ‘ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா ஒன்னைய அந்த வாசல்ல சேக்க மாட்டாரு. பொறந்த வீடு இல்லாமப் போயிரும் ஒனக்கு. நான் வித்ததாவே இருக்கட்டும். என்னையத்தான, நாலு வார்த்த ஏசிட்டுப் போறாரு’ன்னாக.”

ஆண்டிச்சாமி கோடிச்சேலையைத் தங்கையின் தோளில் போர்த்தினார். பிறகு வாசலுக்கு வந்து, இரைந்துகொண்டிருந்த பெட்ரோமாக்ஸின் திருகைத் திறந்துவிட்டார். காற்று உஸ்ஸென்று இறங்கி, மேண்டில் சிவந்து, கறுத்தது.

வீட்டுக்குள் வெளிச்சம் குறையவில்லை.