ஆம்ப்ரோஸ் எங்கே விழுந்தான்

"கத்து, இன்னும் கத்து! மைதானத்துல போய் மைக்கைப் பிடிச்சுக் கத்தேன், ஊருக்கே கேக்கட்டும்!"

"திங்கக்கிழமை இந்தக் காலோட பயிற்சிக்குப் போறேங்கிற. கத்தாம உனக்குத் தாலாட்டா பாடுவாங்க?"

முதல் குரல் ஆம்ப்ரோஸ் டில்லார்டுடையது. இரண்டாவது அவன் மனைவி ரெனீட்டாவுடையது. இடம், அவர்கள் வீட்டு கார் ஷெட். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டிருந்தார்கள்; குரல் வெளியே வர மீதிக் கால்வாசி தாராளம். நான் வேலியோரம் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். காலையிலேயே விட்டாயிற்றே என்று கேட்காதீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் தக்காளிக்கு எவ்வளவு விட்டாலும் தகும்.

"டாக்டர்கிட்டப் போ, ஆம்ப்ரோஸ்."

"எந்த டாக்டர்? கிளப் டாக்டரா? எங்க விழுந்தேன்னு முதல்ல அதைத்தான் கேப்பான். வெர்ன் வீட்டு வாசல்ல சைக்கிள்ல இருந்து விழுந்தேன்னு சொல்லவா? மறுநாளே மூட்டையைக் கட்டுன்னுருவாங்க."

"முட்டி வீங்கிப்போய் பூசணிக்கா மாதிரி இருக்கு. உள்ள பாதி கிழிஞ்சிருந்தா? அதோட போய் நின்னு முழுசாக் கிழிஞ்சா?"

"கிழியட்டும். ஆனா அவங்க புல்லு மேல கிழியட்டும்."

என் செருப்பு நனைந்துகொண்டிருப்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் மோதிச் சாய்க்கிற எங்கள் நாட்டுக் கால்பந்தில், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து பேர் நிற்பார்கள். ஆம்ப்ரோஸ் அந்த ஐவரில் ஒருவன். முந்நூறு பவுண்டுக்கு மேல் எடை, அலபாமாவிலிருந்து வந்தவன், என்னை ஒருநாளும் 'மிஸ் லோரெய்ன்' என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. எங்கள் டோலிடோ அணிக்காக எட்டு வருஷம் அப்படி நின்றான். சுவரைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை. அது இடிந்தால்தான் அங்கே ஒரு சுவர் இருந்ததே தெரியும்.

அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றவன் கேஜ் ஹோலன்பெக். இரண்டு வருஷத்துக்கு முன் கிளப் அவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருஷம், இருநூறு மில்லியன் டாலர், கடைசி டாலர் வரைக்கும் உத்தரவாதம். ஆடினாலும் வரும், ஆடாவிட்டாலும் வரும். ஜெயித்தாலும் வரும், கட்டிலில் படுத்திருந்தாலும் வரும். மற்றவர்கள் ஒப்பந்தம் அப்படி இல்லை. காகிதத்தில் நாலு வருஷம் என்றிருக்கும். ஏதோ ஒரு காலையில் கூப்பிட்டு 'போய் வா' என்றால் அத்தோடு சரி. கேஜ் வந்த முதல் வருஷம் நாங்கள் ஜெயித்தது நாலே ஆட்டம். வேறு யாராவது என்றால் அனுப்பியிருப்பார்கள். இவனை அனுப்பினாலும் அதே பணம், வைத்துக்கொண்டாலும் அதே பணம். எனவே வீட்டோடு மாப்பிள்ளையை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டார்கள். அவன் தூங்கினால் எழுப்பவும் முடியாது, தின்றால் கேட்கவும் முடியாது.

ஒரு அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று வரம்பு உண்டு. அதில் பெரும்பங்கு ஒருவன் தட்டில் போய்விட்டால் மற்றவர்களுக்குப் பானையைச் சுரண்டத்தான் வேண்டும். கிளப் மேலாளர் அந்த ஐவரையும் தனித்தனியாக நல்ல மாட்டிறைச்சி விருந்துக்குக் கூப்பிட்டார். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தாராம். குடும்பம் என்று ஆரம்பித்தால் கை உன் பைக்குள் வருகிறது என்று அர்த்தம். மூன்று பேர் முடியாது என்றார்கள்; அடுத்த மாதம் அவர்கள் வேறு ஊர்களில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் கையெழுத்துப் போட்டான். மகள் நயோமிக்கு இங்கே பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. ரெனீட்டா அப்போதுதான் சமையலறையை இடித்துக் கட்டியிருந்தாள்.

புதுக் காகிதத்தில் சம்பளம் குறைந்தது, உத்தரவாதமும் போயிற்று. செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை அணியில் பெயர் இருந்தால் அந்த வருஷச் சம்பளம் உறுதி. அதற்கு முன் கிளப் மைதானத்தில் அடிபட்டால், குணமாகிறவரை கிளப் பொறுப்பு. வெளியே எங்காவது அடிபட்டால் கிளப்பின் இஷ்டம். இதெல்லாம் ரெனீட்டா என்னிடம் சொன்னது. நானாகப் போய்க் கேட்கவில்லை, இரண்டு மூன்று தடவைக்கு மேல்.

அந்தச் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக்குகள் கிறிஸ்துமஸுக்குத் தங்கள் சுவருக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். கேஜ் ஐவருக்கும் மின்சார சைக்கிள் கொடுத்தான், பின்னால் அவரவர் பெயர் எழுதி. அன்று சனிக்கிழமை மத்தியானம், "அப்பா, ஒரே ஒரு ரவுண்டு" என்றாள் நயோமி. ஆறு வயதுப் பெண் கேட்டால் மறுக்கவா முடியும்? எங்கள் தெரு ஏழு வீடுகளோடு முட்டி நிற்கிற தெரு. அதன் கோடியில், வெர்ன் ஷ்லாக்டர் வீட்டு வாசலில் திரும்பும்போது சைக்கிள் ஒரு பக்கம் போயிற்று, ஆம்ப்ரோஸ் ஒரு பக்கம் போனான். வெர்ன் வாரக்கடைசிக்கு ஈரி ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தார். தெருவில் வேறு யாரும் இல்லை, என்னையும் தக்காளியையும் தவிர.

சாயங்காலம் ரெனீட்டா வேலியருகே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மிஸ் லோரெய்ன், இன்னைக்கு ஏதாச்சும் பாத்தீங்களா?"

"எனக்கு இந்த வயசுல தக்காளியே சரியாத் தெரியல, கண்ணு."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பட்டினி கிடப்பதற்குச் சமம் என்று இந்தத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

திங்கட்கிழமை அவன் காலைச் சுற்றி இறுகக் கட்டுப் போட்டுக்கொண்டு போனான். காரில் ஏறும்போது நொண்டவில்லை. முகம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. முதல் பயிற்சியிலேயே எதிரே வந்தவன் மோதியதும் விழுந்தான். பாதி நடிப்பு என்று நினைத்துத்தான் விழுந்திருப்பான். முட்டிக்கு நடிக்கத் தெரியவில்லை. உள்ளே இருந்த தசைநார் இரண்டும் அறுந்துபோயின. வண்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனதை ரேடியோவில் சொன்னார்கள்.

தெரு முழுக்க அவர்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனது. நான் உருளைக்கிழங்கு சாலட் கொடுத்தேன். கிளப் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. சம்பளமும் வரும் என்றது. ரெனீட்டா அழுதுகொண்டே சிரித்தாள். "பைத்தியக்காரன், சாதிச்சிட்டான் மிஸ் லோரெய்ன்" என்றாள். என்ன சாதித்தான் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் வெர்ன் வருகிறார். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் தேசியக் கொடிக்கு மேலே கிளப் கொடி பறக்கும். ஆம்ப்ரோஸ் தன் தெருக்காரன் என்று மளிகைக் கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லுவார். புதன்கிழமை காலை என் கைபேசியைத் திறந்தால், ரசிகர் குழுவில் வெர்ன் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். அவர் வாசல் கேமரா எடுத்தது. மகள் கைதட்ட, பெரிய மனிதன் சின்னச் சைக்கிளில் சிரித்துக்கொண்டே வருகிறான். திரும்புகிறான். விழுகிறான். முட்டியைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருளுகிறான். மூலையில் தேதி. மேலே வெர்ன் எழுதியிருந்தார்: எங்கள் தெரு ராட்சசன், சீக்கிரம் எழுந்து வா.

நான் இரவுக் கவுனோடு ஓடினேன்.

"வெர்ன்! அதை எடுத்துடுங்க!"

"ஏன்? ஜனங்க உருகுறாங்க லோரெய்ன். ஆறாயிரம் பேர் லைக் போட்டிருக்காங்க."

"விழுந்தது தெரியுதுல்ல?"

"தெரியுது. அதுல என்ன? அன்னைக்கு விழுந்தும் திங்கக்கிழமை பயிற்சிக்குப் போயிருக்கான் பாருங்க. அந்த மனசை ஊரு பாக்க வேண்டாமா?"

"முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உருள்றான், வெர்ன். தேதி வேற போட்டிருக்கு."

அவர் மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். முகம் வெளுத்தது. கைபேசியை என்னிடம் நீட்டினார். நான்தான் வாங்கி அழித்தேன். அழித்து என்ன? ஆறாயிரம் பேர்.

வெள்ளிக்கிழமை கிளப்பிலிருந்து ட்ரெவர் என்கிற பையன் வந்தான். ஆட்டத் திட்டங்கள் ஏற்றிவைத்திருக்கிற டேப்லெட்டைத் திரும்ப வாங்க வருகிறவன் அவன்தான். அவன் கார் ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் வேலை போயிற்று என்று அர்த்தம். ஆம்ப்ரோஸ் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தான். என் வீட்டுக் குப்பைத் தொட்டியை அன்று நான் ரொம்ப நேரம் துடைத்தேன்.

"வெளியில பட்ட அடின்னு முடிவு பண்ணிட்டாங்க, மிஸ்டர் டில்லார்ட். சம்பளம் கிடையாது. ஆப்பரேஷன் செலவைக்கூட வக்கீல்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"அந்தச் சைக்கிள் கேஜ் குடுத்தது, ட்ரெவர்."

"குடுத்தது கேஜ் சார். கிளப் இல்ல."

"போன மே மாசம் கேஜ் ஏரியில படகு விட்டு விழுந்து தோள்பட்டையை விலக்கிக்கிட்டானே. அது எந்த மைதானம்?"

ட்ரெவர் தன் ஷூவைப் பார்த்தான். "அவர் ஒப்பந்தம் வேற, சார்."

"எடுத்துட்டுப் போ" என்று டேப்லெட்டை நீட்டினான் ஆம்ப்ரோஸ். "உங்களுக்குச் சம்பள வரம்புல இடம் வேணும், ஒரு தடுப்பாளனை வாங்கணும், பையில காசில்ல. நான் விழுந்தது உங்களுக்குக் கிறிஸ்துமஸ்."

"இதுல என் கை எதுவும் இல்ல, சார்."

"தெரியும்டா. உன் சம்பளத்துக்கும் உத்தரவாதம் இல்ல. போ."

கேஜும் வந்தான். அதை மறைத்தால் பாவம். நீளமான கறுப்பு வண்டியில் வந்து, பின்புறத் தோட்டத்தில் உட்கார்ந்தான். அழுதான் என்றுதான் நினைக்கிறேன், பூச்செடி மறைத்தது. குரல் மட்டும் கேட்டது.

"நான் மேனேஜர்கிட்டப் பேசினேன் ஆம்ப். வழியில்லைங்கிறார். எனக்கு வர்றதுல கொஞ்சத்தை உனக்குத் தரட்டுமா?"

"பிச்சையா?"

"அப்படிச் சொல்லாதே. நான் கேட்டேன், அவங்க குடுத்தாங்க. நீயா இருந்தா வேண்டாம்னிருப்பியா?"

"மாட்டேன்" என்றான் ஆம்ப்ரோஸ். "உனக்குக் கிடைச்சது தப்பில்ல, கேஜ். நம்ம எல்லாருக்கும் அது வேணும். உனக்குக் கிடைக்கிறதுக்காக என்னுதை நானே தூக்கிக் குடுத்தேன் பாரு, அங்கதான் போச்சு."

ஆப்பரேஷன் செய்த டாக்டர், ரெனீட்டாவிடம் தனியாகச் சொன்னாராம்: சனிக்கிழமையே காலைத் தூக்கிவைத்துப் படுத்திருந்தால் ஆறு வாரத்தில் நடந்திருப்பான். இனி ஓட மாட்டான். படியேறுவதே பெரிய காரியம். இதை ஆம்ப்ரோஸிடம் சொல்லவேண்டாம் என்று அவள் டாக்டரைக் கெஞ்சியிருக்கிறாள். பிறகு ஒருநாள் ஷெட்டில் நடந்த சண்டையில் தானே சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஷட்டர் முழுசாக மூடியிருந்தது; ஆனாலும் கேட்டது. அவள் அதைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் யாரும் கத்தவில்லை. அதற்குக் கத்தலே தேவலை.

அவன் இடத்துக்குக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஒரு பையனைக் குறைந்த சம்பளத்துக்குப் போட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அவனைத் தாண்டி ஒருவன் பாய்ந்து கேஜின் மேல் விழுந்தான். காறை எலும்பு இரண்டு துண்டு. அந்த வருஷம் முழுக்க கேஜ் கழுத்துத் தூளியில் கையைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான், சம்பளம் தவறாமல் வந்தது. நாங்கள் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். பயிற்சியாளரை அனுப்பினார்கள்; அவரை அனுப்ப முடிந்தது. மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிக்கெட் விலை ஏறியது. கேஜின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

ரெனீட்டா அக்டோபரில் நயோமியைக் கூட்டிக்கொண்டு அலபாமாவுக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொன்னாள். கொஞ்ச நாளைக்குப் போகிறவர்கள் சோபாவையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. வீட்டை ஒரு பல் டாக்டர் தம்பதி வாங்கினார்கள். அந்தச் சமையலறை பழசாக இருக்கிறது என்று மறுபடி இடித்தார்கள். வெர்ன் கொடியை இறக்கிவிட்டு ஃப்ளோரிடாவில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று ஆம்ப்ரோஸைப் பார்க்க வேண்டுமென்று விமானநிலையத்துக்குப் பக்கத்தில் அவன் குடியிருந்த இரண்டாம் மாடி ஃப்ளாட் வரைக்கும் போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்தாராம்.

கேஜ் ஜூன் மாதம் ஏரிக்கரையில் ஒரு செய்தி வாசிப்பவளைக் கல்யாணம் செய்துகொண்டான். ரெனீட்டா அதே கோடையில், விவாகரத்து முடிந்ததும், அலபாமாவிலேயே டஸ்கலூசாவில் பள்ளிப் பேருந்துகள் ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர் என்றுதான் கேள்வி, ஒல்லியாம். ஆம்ப்ரோஸ் இன்னும் அந்த இரண்டாம் மாடியில்தான் இருக்கிறான்.