கால் கழுவும் கடை

ஐப்பசி மழையில் கரிசல் மண் காலைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். கோவில்பட்டி பஜாருக்கு வருகிற காடுகரைக்காரர்கள் ஆளுக்கு அரை வீசை மண்ணைக் காலில் சுமந்துகொண்டுதான் வருவார்கள். அந்தக் காலோடு புதுச் செருப்பை மாட்டிப் பார்த்தால் அதை அப்புறம் எவன் வாங்குவான்? அதனால் மைதீன் ராவுத்தர் செருப்புக்கடையில் மழைக்காலத்துக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. வந்தவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் செருப்பை எடுப்பார்கள்.

கழுவுகிற வேலை அல்லாபிச்சைக்கு. ஐம்பதை நெருங்கிய மனுஷன். குனிந்தால் நிமிரமாட்டார். யார் கால் என்று தெரிந்தால்தானே மனசு கூசும்? முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் மரத்துப்போய்விட்டன. மனசு அதற்கு முன்னாலேயே மரத்துவிட்டது.

ஆனாலும் ஒரு பயம் மட்டும் உள்ளே கிடந்து அரித்தது. போன வெள்ளிக்கிழமைதான் மகள் ஷம்சாத்துக்கு நிச்சயம் ஆகியிருந்தது. நாகலாபுரத்துப் பருத்தி வியாபாரி சேக் முகம்மதுவின் மகன் மாப்பிள்ளை. அத்தனை பெரிய மனுஷன் இவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டார். "செருப்புக்கடையில இருக்கேன்" என்று மட்டும் அல்லாபிச்சை சொல்லியிருந்தார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, இவரும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமே!

அன்று மத்தியானம் இரண்டு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏலே அல்லாபிச்சை, அவியளக் கவனி" என்றார் மைதீன் ராவுத்தர்.

அல்லாபிச்சை வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதல் ஆளின் வலது காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, விரலிடுக்கு மண்ணை வழித்தார்.

"நீங்களா?"

பழகிய குரலாக இருக்கவே நிமிர்ந்து பார்த்தார். சேக் முகம்மது உட்கார்ந்திருந்தார்.

கையில் பிடித்த காலை விடக்கூடத் தோன்றவில்லை அல்லாபிச்சைக்கு. இப்போது எழுந்து போய்விடுவார், ஷம்சாத் கல்யாணம் இதோடு போச்சு என்று நினைத்தார்.

கூட வந்தவர், "தெரிஞ்சவியளா?" என்று கேட்டார்.

"நம்ம சம்பந்தில்லா! இவிய மகளத்தான் நம்ம பயலுக்கு எடுக்கோம்" என்றார் சேக் முகம்மது, கொஞ்சமும் கூசாமல்.

அல்லாபிச்சைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு பேர் முன்னால் சம்பந்தி என்று சொல்லிவிட்டார், இனி என்ன? காலை மெல்ல இறக்கிவைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தபடி எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க சம்பந்தி" என்று சேக் முகம்மது இடது காலை நீட்டினார். "இதுலயும் மண்ணு இருக்குல்லா."

அல்லாபிச்சைக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கல்யாணம் நிற்காது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. மறுபடி குனிந்து அந்தக் காலையும் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். மற்றவர்களுக்குக் கழுவுவதைவிட நன்றாகவே கழுவினார்.