லைமன் நின்ற இடம்

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் அந்தக் குளிர்காலத்தில் வாயிலிருந்து வந்த வசவு காற்றிலேயே உறைந்து காலடியில் விழுந்தது. திட்டு வாங்கியவனுக்குப் பனி உருகிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அந்தப் பருவம் முழுக்கத் தோற்ற கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிக்கு எதிராக, வண்டிக் குதிரைகூடக் கோல் போட்டிருக்கும்.

கடைசி ஆட்டத்திலாவது ஜெயித்துவிட அந்த அணியில் ஆடிய ஆரின் துடித்தான். அணியை உண்டாக்கிய அவன் நண்பன் லைமன், போன வாரம்தான் நிமோனியாவில் இறந்திருந்தான். ஏழு பேர் ஆட்டத்துக்கு ஆறு பேராக உறைந்த ஏரிக்கு வந்தார்கள்.

"என்னடா, உங்க நடு ஆட்டக்காரன் இன்னும் போர்வைக்குள்ளயா?" என்று கத்தினான் எதிரணித் தலைவன் பர்டிக்.

"பெட்டிக்குள்ள," என்றான் ஆரின். "உறைஞ்ச மண்ணு இளகினாத்தான் புதைப்பாங்க."

பர்டிக்கின் சிரிப்பு அணைந்தது. ஒரு பக்கம் ஆள் குறைந்தால் மறுபக்கமும் ஒருவனைக் குறைப்பது வழக்கம். தன் நடு ஆட்டக்காரனிடம், "நீ போய் உக்காருடா," என்றான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரு பக்கமும் சமம். பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் ரப்பர் வட்டு ஆரினிடம் வந்தது; எதிரே கோல் திறந்து கிடந்தது. அவனோ, பழகிய கையால், லைமன் எப்போதும் பாய்ந்து வரும் இடத்துக்கு அதைத் தள்ளிவிட்டான்.

வட்டு தனியாக வழுக்கிப் போய்ப் பனிமேட்டில் முட்டி நின்றது. பர்டிக்குக்கு அது கைக்கெட்டும் தூரம்தான். மணி அடிக்கும்வரை யாருமே அதை எடுக்கப் போகவில்லை.