கண்ணாடி விலா

பசுவின் இடது விலா கண்ணாடியானது ஒரு செவ்வாய்க்கிழமை, பால் கறந்து முடித்த பிறகு. தவிட்டு விலை ஏறியதும் அதே வாரம் என்பதால் தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பசுவை வளர்த்தவளின் கொழுந்தன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க மாடு ஜன்னல் வெச்சுக்கிட்டு நிக்குது. ஒரு திரை தைச்சுப் போடுங்க, பாவம் வெக்கப்படும்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சினை மாடு. நாள் முழுக்கத் தின்றும் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இப்படியே போனால் தாயும் தங்காது, கன்றும் தங்காது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் சாவதற்கு முன் கடைசியாக விதைத்த புல் கொல்லையில் ஆளுயரம் நின்றது. அவர் கை பட்டது என்பதால் அவள் அதை அடியோடு அறுக்க மனமில்லாமல், முற்றிய தாள்களை ஓரத்தில் ஒடித்து ஒடித்துப் போட்டுவந்தாள்.

மறுபடி பார்க்க வந்த டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு விலாவின் முன் உட்கார்ந்தார். உள்ளே வயிறு ஒரு குளம்போல அலையடித்தது. கண்ணுக்குத் தெரியக் கூடாத சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில் மினுங்கிக்கொண்டு புல்லிதழ்களைச் சூழ்ந்தன. ஆனால் இதழுக்குள் நரம்புகள் கயிறுகள்போல நெருக்கமாக ஓடின. ஒவ்வொன்றும் கெட்டியான உறைக்குள். பச்சையெல்லாம் அந்த உறைக்குள்ளே. உயிர்கள் மோதி மோதி வழுக்கி விழுந்தன. பசு அசைபோட்டு விழுங்கியும் இதழ் கிழிந்தபாடில்லை. முந்தாநாள் தின்றதும் அப்படியே மிதந்தது.

"வயிறு நிறைஞ்சிருக்கும்மா, ஆனா உள்ள பட்டினி. பழசு கரைஞ்சாத்தானே புதுசுக்கு இடம்? முத்தினதை அடியோட அறுத்துட்டு, துளிர்க்கிறத இளசா அறுத்துப் போடணும்."

"அவர் விதைச்சதுங்க."

கொழுந்தன் இப்போது கிண்டல் செய்யவில்லை. "அண்ணன் மாட்டுக்குத்தான விதைச்சாரு, அண்ணி."

அவளே அறுத்தாள், யாரையும் அரிவாள் தொட விடாமல். முடித்தபோது கொல்லை வெறிச்சோடி, பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது. துளிர் முழங்கால் உயரம் வந்ததும் முதல் புல்கட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு விலாவின் முன் குந்தினாள். பல் பட்டுக் கிழிந்த ஓரங்கள் வழியே உயிர்கள் திமுதிமுவென்று நுழைந்தன. நரம்புகளுக்கு நடுவிலிருந்த மெல்லிய சதை கரைந்தது, உறைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன, பட்டப்பகலில் வயிறு முழுவதும் பச்சை வெளிச்சமாயிற்று. அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

கன்று எல்லாக் கன்றுகளையும்போலத் தோலோடுதான் பிறந்தது. பசுவின் விலா பிறகு மூடிக்கொள்ளவில்லை. மடி கழுவும்போது அதையும் ஈரத்துணியால் துடைப்பது அவளுடைய காலை வேலைகளில் ஒன்றாயிற்று. புல் முற்றுவதற்குள் அறுப்பது இன்னொன்று.